அஞ்சரைக் கட்டை

அஞ்சரை. வாய்தான் சொல்லுச்சு, நான் சொல்லலை. ஹார்மோனியம் ஜெயராஜ் வாசல்ல நின்னு, உள்ள பொம்பளை மேக்கப்புல இருக்குன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, உங்களுக்கு எத்தனை கட்டை வைக்கட்டும்?"னு மரியாதையாத்தான் கேட்டாரு. நான் மை எழுதிக்கிட்டிருந்தவ, கண்ணாடியை விட்டுத் திரும்பாம, "அஞ்சரை"ன்னுட்டேன். சரிக்கான்னு போயிட்டாரு மனுசன். கட்டைன்னா ஒண்ணும் பெரிய வித்தையில்லை, பெட்டியில எந்தக் கட்டையை ஆதாரமா வச்சுப் பாடுறோம்ங்கிறதுதான். கட்டை ஏற ஏறக் குரலும் ஏறணும். முப்பது வயசுல இந்தத் திருப்புவனம் தனபாக்கியம் அஞ்சரையில நின்னு பாடுனா ஊர்க் கடைசி வீட்டுல படுத்துக் கிடக்கிறவன் எந்திருச்சு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வருவான். இப்ப எனக்கு நாலு. அதுவும் காலையிலேருந்து வாயைத் திறக்காம, வெந்நி குடிச்சு, மிளகைக் கடிச்சு, அப்பத்தான் நாலு. இது தெரிஞ்ச வாய் எதுக்குடி அஞ்சரைன்னு சொல்லுச்சு? பக்கத்துல ராஜபார்ட் அழகுமாயன் கிரீடத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தான், அதுக்கா? பபூன் மாரிச்சாமி பெஞ்சுல குத்தவச்சு முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தானே, அவன் காதுல விழணும்னா? அழகுமாயன் புருவத்தைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடியில நான் பார்த்தேன். பார்த்தும் மாத்தலை. போதாததுக்கு உதட்டுச் சாயத்தை எடுத்து நிதானமாப் பூசுறேன், அஞ்சரைக்காரி மாதிரி.

எந்திருச்சுப் போய் அந்த ஆள்கிட்ட மெதுவா, தம்பி நாலு வைங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. அவ்வளவுதான். எந்திரி. எந்திரிக்க மாட்டேங்குது. அவரு இப்ப மேடையில, ஜனத்துக்கு முன்னாடி பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்தாச்சு. அரைச் சாயத்தோட நான் ஜனத்துக்கு நடுவுல போய்க் குனிஞ்சு அவரு காதுல பேசுனா, அதைவிட மைக்குலயே சொல்லிரலாம். மாரிச்சாமியை அனுப்பலாம். அவன்கிட்டச் சொல்றதும் தண்டோராப் போடுறதும் ஒண்ணுதான்; விடியறதுக்குள்ள மதுரையில நாடக நடிகர் சங்கத்து வாசல் டீக்கடை வரைக்கும், தனபாக்கியம் நாலுக்கு எறங்கிருச்சாம்பான். எறங்குனவளுக்கு என்ன நடக்கும்னு தெரியாதா எனக்கு? பரமக்குடிக்காரி ஒருத்தி, கட்டையைக் குறைக்கச் சொன்ன மறு சீசன்ல அவளுக்கு அம்மா வேஷம், அதுக்கு மறு சீசன் தேதியே இல்லை. இப்ப எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட. நம்ம பொழைப்பே இப்படித்தானே. ஆளுக்கு ஒரு ஊரு, ஒத்திகைன்னு ஒண்ணு கிடையாது, நாடகத்தன்னிக்குத்தான் இன்னிக்கு ஹார்மோனியம் யாரு, புருசன் யாருன்னே தெரியும். இந்த ஜெயராஜ் மொகத்தை இன்னிக்குத்தான் பார்க்குறேன். அவருக்கு என்னைத் தெரியாது, என் தொண்டையைத் தெரியாது. நான் சொன்னதை நம்புறாரு, பாவம், நல்ல மனுசன்.

மத்த நாடகம்னா பரவாயில்லை. இன்னிக்கு அரிச்சந்திரா. அதுலயும் மயானம் வரைக்கும் போயிட்டா எனக்குப் பயமே இல்லை. செத்த புள்ளையை மடியில போட்டுக்கிட்டுச் சந்திரமதி பாடும்போது தொண்டை உடைஞ்சா, அட அட என்னா நடிப்புன்னு பொம்பளைக எல்லாம் முந்தானையை எடுத்துருவாக. அரண்மனையில உடைஞ்சா அது வெறும் தொண்டை. மொதல் பாட்டு அரண்மனையில. அதுவும் திரைக்கு உள்ளேருந்து. யாரு வச்ச வழக்கமோ, மொதல்ல குரலு வெளிய போகணும், விருத்தம் முழுசும் திரைக்குப் பின்னாடி நின்னு மைக்குல பாடணும், பாடி முடிச்சாத்தான் திரை விலகும், ஆளு தெரியும். மொகம் கிடையாது, கண்ணு கிடையாது, கை கிடையாது. என்கிட்ட எதெல்லாம் மிச்சம் இருக்கோ அதெல்லாம் துணிக்குப் பின்னாடி. எது போயிருச்சோ அது மட்டும் தனியா வெளிய போய் நிக்கணும். ராணி, புருசன் இருக்கான், புள்ளை இருக்கு, காசிநாதனைக் கும்பிட்டுச் சந்தோசமாப் பாடுறா. அவ எதுக்கு அழப்போறா, எதுக்குக் குரல் நடுங்கும்? சாக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. மூணாவது அடியில மேல ஒரு எடம் இருக்கு. ஏறி அங்க நிக்கணும், சும்மா தொட்டுட்டு ஓடியாரக் கூடாது. அங்க நின்னு கீழே குனிஞ்சு பார்க்கிற மாதிரி இருக்கும் அந்தக் காலத்துல. இப்ப நினைச்சாலே கழுத்து நரம்பு இழுக்குது. இந்தா, இழுக்குது பாரு.

சௌந்தரபாண்டி அண்ணன் இருந்தா கேட்டே இருக்க மாட்டாரு. இதுதான், இதுதான் எனக்கு ஆத்திரம். அவரு ஒருநாளும் எத்தனை கட்டைன்னு என்னைக் கேட்டதில்லை. ரொம்ப வருசம் அவருதான் எனக்கு வாசிச்சாரு, நான் வர்ற ஊருக்கு எல்லாம் அவரு எப்படியோ வந்து சேர்ந்திருவாரு. நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டுத்தான் இருந்தேன். என்னடா, எல்லாருக்கும் வயசாகுது, நமக்குக் குரல் அப்படியே நிக்குதேன்னு உள்ளுக்குள்ள கெருவம் வேற. ஒருதடவை நத்தத்துப் பக்கம் ஒரு ஊர்ல, எனக்குப் புருசனா நடிச்ச ஆளு தர்க்கப் பாட்டுல எடுக்க முடியாமத் தவிச்சுட்டு, எறங்குனதும் நேரா அண்ணன்கிட்டப் போனான். என்னண்ணே, சுருதி கீழே கெடக்கு, ஆம்பளை எனக்கே அடிக்குரல்ல தேட வேண்டியிருக்குன்னான். அண்ணன் வெத்தலையை மடிச்சு வாயில வச்சுக்கிட்டு, "பெட்டி பழசுப்பா, எறங்கிருச்சு, நான் என்ன பண்ண"ன்னாரு. நான் மறைப்புக்குக் கட்டுன சேலைக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். ஹார்மோனியம் எங்கயாவது எறங்குமா? மழையில நனைஞ்சா இருமும், சளி பிடிச்ச மாதிரி இழுக்கும், எறங்காது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அரை அரையா, கொஞ்சம் கொஞ்சமா, என்னைக் கூட்டிட்டுப் படியிறங்கி வந்திருக்காரு, எனக்கே தெரியாம. அதுக்கப்புறம் எத்தனையோ பேரு கேட்டாச்சு, எல்லாருக்கும் அதே பதில், பெட்டி பழசு. சௌந்தரபாண்டி பெட்டின்னாலே எறங்குன பெட்டின்னு பேரு வந்திருச்சு. பெட்டியை மாத்துங்கண்ணேன்னு சின்னப் பயலுக எல்லாம் கேலி பண்ணுவானுக. சிரிச்சுக்குவாரு. நானும் அவர்கிட்டக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வாசிச்சு முடிச்சதும் பெட்டியைத் துணியில சுத்திக்கிட்டே, "சாப்பிட்டியா தனம்"பாரு. சாப்பிட்டேண்ணே. அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. போன மாசம் போயிட்டாரு. கேதத்துக்குப் போனேன். அவரு சம்சாரமும் மக்களும் உள்ள உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தாக. நான் எந்த உறவுன்னு சொல்லி உள்ள போறது? வேப்பமரத்தடியில ஆம்பளைகளோட நின்னுட்டு, மாலையை யாரோ ஒருத்தர் கையில குடுத்துட்டு, பஸ் ஏறிட்டேன். அழுகை வரலை. மேடையில வர்ற அழுகை அன்னிக்கு வரலை, எவ்வளவு கூப்பிட்டும்.

சவுரியை இறுக்கிக் கட்டுடி. இது பள்ளிக்கூட ரூம்பு, அஞ்சாம் வகுப்புன்னு கதவுல எழுதியிருக்கு. அஞ்சரைன்னு சொன்னவளை அஞ்சாம் வகுப்புல கொண்டாந்து உட்கார வச்சிருக்காக, பொருத்தமாத்தான் இருக்கு. பெஞ்சு ரொம்பக் குட்டை, முட்டி நாடிக்கு வருது. நடிப்புன்னா தனபாக்கியம்தான்னு நோட்டீசுல போடுறான், நடிப்பின் சிகரமாம். முன்னாடியெல்லாம் கானக்குயில்னு போடுவான். குயிலு எப்பச் செத்துச்சு, சிகரம் எப்ப மொளைச்சுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு ஊர்ல, மயான சீன்ல, மேல் எடத்துக்குப் போறேன், குரலு வரலை. காத்து மட்டும் வந்துச்சு. ஜனம் பூராவும் என்னையே பார்க்குது. மடியில புள்ளை வேஷம் போட்டது கண்ணை மூடிக் கெடக்கு, லைட்டுக்கு வந்த பூச்சி ஒண்ணு அது கன்னத்துல உட்கார்ந்துச்சு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம, கையை மெதுவாத் தூக்கி அந்தப் பூச்சியை விரட்டுனேன். தூங்குற புள்ளை முழிச்சிரக் கூடாதேன்னு விரட்டுற மாதிரி. அவ்வளவுதான் செஞ்சேன். எதிர்ல இருந்த பொம்பளை ஒருத்தி ஓன்னு கத்திட்டா. அப்புறம் அந்த எடமே தேம்புச்சு. அன்னிலேருந்து பூச்சி இருந்தாலும் இல்லைன்னாலும் விரட்டுறேன். பாட்டுப் போன ஓட்டையை எல்லாம் கையை வச்சு அடைச்சேன், கண்ணை வச்சு அடைச்சேன், சும்மா நின்னு அடைச்சேன். அடைக்க அடைக்கப் பேரு கூடுச்சு. கையைப் பார்க்கத்தான் வாராகளாம் இப்ப. அந்தக் கையைத் தூக்குனாலே விசிலடிக்கிறான். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது, அடிவயித்துல ஜில்லுங்குது. ஆனாலும் எறங்கி வரும்போது யாராவது ஒருத்தரு, இன்னிக்கு அந்த மூணாவது அடி நல்லா வந்துச்சுன்னு சொல்ல மாட்டாகளான்னு இந்தக் காது தேடும். கேடு கெட்ட காது. அதுக்கு நடிப்பு வேண்டாம்.

வீட்டுல மிக்சியைப் போட்டுட்டுத்தான் பாடிப் பார்ப்பேன். ஒண்ணும் அரைக்கிறதில்லை, வெறும் ஜாருதான் சுத்தும். ஒத்த ரூம்பு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கு, குரலு உடையறது அவுகளுக்குக் கேட்கக் கூடாதில்ல. அந்த வீட்டுப் பொண்ணு ஒருநாள் கேட்டுச்சு, ஏம்மா தினமும் சட்னிதானா, ஒத்தை ஆளுக்கு எம்புட்டு அரைக்கிறீகன்னு. ஆமாம்மா, சட்னின்னா உசுருன்னேன். மக கோயமுத்தூர்ல இருக்கா. மாமியா வீட்டுல என்னை டைலர்னு சொல்லி வச்சிருக்கா. ஒருதடவை அவ மாமியா கிழிஞ்ச ஜாக்கெட்டு ஒண்ணைக் குடுத்து விட்டுச்சு. நான் அதைத் தெருமுனையில குடுத்துத் தச்சு அனுப்புனேன். அதுல ஒண்ணும் வருத்தமில்லை. வருத்தம்தான், சரி, யாரும் கேட்கலையே, வருத்தம்தான். நாடகம் இல்லாத ஐப்பசி மாசம், மார்கழி மாசம் எல்லாம் யாரும் என் மொகத்தை நேராப் பார்க்கிறதே கிடையாது. பால்காரன் பையைப் பார்ப்பான், பஸ்ல கண்டக்டர் கையைப் பார்ப்பான். நான் இருக்கேன்னு எனக்கே தெரியறது சந்திரமதியா நிக்கும்போதுதான். இதை எடுத்துட்டா அந்த ரூம்பும் மிக்சியும்தான். அதுதான் பயம். சாவு இல்லை, சோறு இல்லை, அதுதான். இன்னிக்கு மேல் எடத்துல பிசிறுச்சுன்னா இனிமே யாரும் என்னைப் பார்க்க மாட்டாக.

"என்னம்மா, ரெடியா? பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும்னு போலீஸ் ஸ்டேசன்ல சொல்லிட்டாக. ஏழுக்கு ஆரம்பிச்சாத்தான் மயானத்துக்குப் போய்ச் சேர முடியும்"னு ஊர்த் தலைவரு அம்பலம் வந்து நின்னாரு. வெள்ளை வேட்டி, நெத்தி நிறையத் துன்னூறு. "பக்கத்தூர்க்காரக வந்திருக்காக, ஒங்களைப் பார்க்கத்தான். அவுக திருவிழாவுக்கும் ஒங்களையே பேசணுமாம், முன்னாடியே ஒக்கார வச்சிருக்கேன்"னாரு. நல்லதுங்கய்யான்னேன். அழகுமாயன் கிரீடத்தை மாட்டிக்கிட்டு, "இப்பயும் அஞ்சரையில போறீகளாக்கா, நாங்கள்லாம் நாலரைக்கே நாக்குத் தள்ளிப் போறோம்"னான். கேலியா, மெய்யான்னு தெரியலை. மெய்தான் போல, அவன் மொகத்துல மரியாதை இருந்துச்சு. அதுதான் இன்னும் கொடுமை. மாரிச்சாமி முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கிப் போட்டுட்டு, "அக்கா தொண்டை அரசாங்கத்துத் தொண்டை, ரிட்டையர்டே கிடையாது"ன்னான். போடா வெளங்காதவனேன்னு சிரிச்சேன். சிரிக்கும்போதே கரகரப்பு தட்டுச்சு. வெந்நி குடிச்சேன். பிளாஸ்க்குல அரை டம்ளர்தான் மிச்சம் இருந்துச்சு.

ரூம்புக்கும் மேடைக்கும் நடுவுல பள்ளிக்கூட மைதானம். சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன், மண்ணு இன்னும் சுடுது. இப்பச் சொல்லிரலாம், பின்பக்கப் படியில ஏறி, திரைக்கு ஓரத்துல நின்னு, ஸ்ஸ்னு கூப்பிட்டா அவரு திரும்புவாரு. கூப்பிடேன். மாரிச்சாமி முன்னாடியே போய் மேடையில ஜனத்தைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருக்கான், சிரிப்புச் சத்தம் வருது. நல்ல கூட்டம். கடலை வறுக்கிற வாசம். படியில ஏறுறேன், முட்டி சொல்லுது நீ யாருன்னு. திரைக்குப் பின்னாடி ஒரு மைக்கு, பழைய துணி சுத்துனது. திரையில ஒரு ஓட்டை. அதுல கண்ணை வச்சுப் பார்த்தா முன்வரிசையில அந்தப் பக்கத்தூர்க்காரக, காலு மேல காலு போட்டு. மேடை ஓரத்துல ஜெயராஜ், பெட்டி புதுசு, பளபளன்னு. சௌந்தரபாண்டி அண்ணன் எடம் அது. எப்பவும் அந்த எடத்துல ஒரு எண்ணெய்ப் பிசுக்குத் துண்டு கெடக்கும். மாரிச்சாமி உள்ள வந்துட்டான். அழகுமாயன் எனக்குப் பின்னாடி வந்து நிக்கிறான், அடுத்து அவன். ஜெயராஜ் துருத்தியை அமுக்குனாரு. அஞ்சரை. எவ்வளவு ஒசரத்துல நிக்குது. நான் அங்க இருந்தேன், சத்தியமா இருந்தேன், அங்க வீடு கட்டிக் குடியிருந்தேன். வாயைத் திறக்கிறேன். மைக்கு என் மூச்சை எடுத்து வெளிய அனுப்புது. வெறும் மூச்சு. ஜெயராஜ் இன்னொரு சுத்து வாசிச்சாரு, காத்திருக்காரு. ஏறிப் பார்த்துருவோமா? வந்தாலும் வந்துரும். வராது. வீட்டுல மிக்சி சத்தத்துக்குள்ளயே வரலை. அண்ணே, இப்ப நீங்க என்ன பண்ணுவீக? வெத்தலையை மடிப்பீக. கேட்காமலே எறக்குவீக. கேட்காமலே எறக்குற ஆளு இனிமே இல்லை, தனம். வாயைத் திறந்து கேட்டாத்தான். வாயைத் திறந்தா மைக்கு.

கையை நீட்டுனேன். திரைக்கு ஓரத்துல, ஜெயராஜ் பக்கமா, வளையலோட முழங்கை வரைக்கும் வெளிய நீட்டி, பெருவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டுனேன். மெதுவா, நல்லாத் தெரியற மாதிரி. என் வாழ்க்கையில அவ்வளவு கனமான கையை நான் தூக்குனதில்லை. பார்க்கட்டும், முன்வரிசைக்காரக பார்க்கட்டும், அம்பலம் பார்க்கட்டும், தனபாக்கியம் நாலு கேட்கிறான்னு நாளைக்கே ஊரெல்லாம் சொல்லட்டும். ஓட்டை வழியா ஜெயராஜ் மொகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிசம் விரலைப் பார்த்தாரு, என் குரலு வந்திருக்க வேண்டிய எடத்தைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்தாரு, தலையை ஆட்டுனாரு, விரலை எடுத்துக் கீழே வச்சாரு. நாலு. அப்பப் பார்த்து விசில் பறக்குது. எங்கேயோ பின்னாடி இருந்து ஒருத்தன் கத்துறான், "ஏய், அந்தக் கைடா, பூச்சி விரட்டுற கை." கூட்டம் மொத்தமும் தட்டுது. முன்வரிசைக்காரக காலைக் கீழே போட்டுட்டு நிமிர்ந்து ஒக்கார்ந்து தட்டுறாக. ராணி உள்ளேருந்தே ஆசீர்வாதம் பண்றான்னு நினைச்சாகளோ, என்ன முத்திரைன்னு நினைச்சாகளோ. நான் தோத்துப் போய்க் கையைத் தூக்கியிருக்கேன், அதுக்கும் தட்டுறாக. எதுக்குத் தட்டுறோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருக்கக்கூடிய ஒரே ஆளு போன மாசம் போயிட்டாரு. கையை உள்ள இழுத்துக்கிட்டேன்.

அப்புறம் பாடுனேன். நாலுல. குயிலெல்லாம் இல்லை, மண்பானையில தண்ணி மொள்ளுற மாதிரி ஒரு சத்தம், ஆனா என்னுதுதான். மூணாவது அடியில மேல போனேன், நின்னேன், ரொம்ப நேரம் இல்லை, நின்னேன். கீழே குனிஞ்சு பார்க்க ஒண்ணும் இல்லை, அவ்வளவு ஒசரம் இல்லை. முடிச்சு மைக்கை விட்டு நகர்ந்தேன், யாரும் தட்டலை, கையைத்தான் முன்னாடியே தட்டித் தீர்த்துட்டாகளே. அழகுமாயனுக்கு என் முதுகுதான் தெரிஞ்சிருக்கும், விரல் இல்லை; காதுக்குப் பக்கத்துல குனிஞ்சான். "என்னக்கா, சுருதி கீழே கெடக்கு, பெட்டி எறங்கிருச்சா?"

அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். நாக்கு நுனியில வெத்தலை வாசத்தோட வந்து நின்னுச்சு.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்குத்தான் முடியலை"ன்னேன்.

அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அதுக்குள்ள திரை விலகிருச்சு, நான் சிரிச்சுக்கிட்டே முன்னாடி நடந்தேன்.